ஹோம் தியேட்டருக்கு டிவி வாங்குதல்: அறையை அளப்பது முதல் சுவரில் மாட்டுவது வரை

ஹோம் தியேட்டருக்காக டிவி வாங்குபவர்கள் பெரும்பாலும் கடையிலிருந்தே தேர்வைத் தொடங்குகிறார்கள். அங்கே சுவர் முழுவதும் டிவிகள் ஓடிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றிலும் கிளி, பழக்கூடை, பவளப்பாறை என்று நிறம் நிறைந்த விளம்பரக் காட்சிகள் வரும். தலைக்கு மேலே விளக்குகள் பகலைப்போல் எரியும். அந்தச் சூழலில் எந்தத் திரை அதிக வெளிச்சமாகத் தெரிகிறதோ அதுவே சிறந்தது என்று கண் முடிவு செய்துவிடுகிறது. வீட்டில் இரவு உணவுக்குப் பிறகு விளக்கை அணைத்துவிட்டு ஒரு திரைப்படத்தைப் போடும்போது அந்த முடிவு பொருந்துவதில்லை. இருட்டில் நடக்கும் காட்சி சாம்பல் பூத்ததுபோல் தெரியும். முகங்களின் நிறம் செயற்கையாக இருக்கும். கேமரா மெல்ல நகரும்போது படம் உதறும். விலை அதிகம் கொடுத்து வாங்கிய டிவியிலும் இது நடக்கும், ஏனெனில் டிவியைத் தேர்ந்தெடுத்த சூழல் வேறு, அதைப் பார்க்கும் சூழல் வேறு.

அதனால் இந்த வழிகாட்டி அறையில் தொடங்கி, திரையின் அளவு, பேனல் (படத்தைக் காட்டும் திரைப்பலகை), எச்டிஆர் (வெளிச்சத்தின் வரம்பை விரிக்கும் பட வடிவம்), அசைவு, ஒலி ஆகியவற்றைக் கடந்த பிறகே கடைக்கு வருகிறது. சினிமா பார்ப்பதற்கான டிவியின் தரத்தை முதலில் முடிவு செய்வது அது கருமையைக் காட்டும் விதம். பிக்சல் எண்ணிக்கை அதற்கு வெகு பின்னால்தான் வருகிறது. கீழே சொல்லப்படும் பெரும்பாலான பரிந்துரைகள் இந்த ஒரு கருத்திலிருந்தே பிறக்கின்றன.

முதல் படி: அறையை அளந்து எழுதிக்கொள்ளுங்கள்

ஒரு டேப்பையும் காகிதத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். டிவி இருக்கப்போகும் சுவரிலிருந்து, சோபாவில் சாய்ந்து உட்கார்ந்திருப்பவரின் கண் வரை எவ்வளவு தூரம் என்று அளக்க வேண்டும். சுவருக்குச் சுவர் அளப்பதில் பயனில்லை, ஏனெனில் சோபாவின் முதுகு சுவரை ஒட்டியிருந்தாலும் தலை அதிலிருந்து ஓர் அடியாவது முன்னால் இருக்கும். அடுத்து, உட்கார்ந்திருப்பவரின் கண் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். சாதாரண சோபாவில் இது ஏறத்தாழ 100 முதல் 110 சென்டிமீட்டராக இருக்கும்.

பிறகு யார் யார் எங்கே உட்கார்ந்து பார்க்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். நம் வீடுகளில் இது முக்கியமான கேள்வி. ஒருவர் நேர் எதிரே சோபாவில் இருப்பார், ஒருவர் பக்கவாட்டு நாற்காலியில் இருப்பார், பிள்ளைகள் தரையில் படுத்துக்கொண்டு பார்ப்பார்கள், சமையலறை வாசலில் நின்றபடி ஒருவர் பார்ப்பார். நேராகப் பார்க்கும்போது அருமையாகத் தெரியும் சில பேனல்கள் பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது வெளிறிப்போகும். உங்கள் வீட்டில் பெரும்பாலோர் நேராக உட்கார்ந்து பார்ப்பவர்களா, சிதறி உட்கார்ந்து பார்ப்பவர்களா என்பதைப் பொறுத்துப் பேனலின் தேர்வே மாறக்கூடும்.

ஜன்னல்கள் எங்கே இருக்கின்றன, டிவிக்கு எதிர்ச்சுவரில் டியூப்லைட் இருக்கிறதா, பகலில் திரைச்சீலையை முழுவதும் மூட முடியுமா என்பவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். எதிர்ச்சுவரில் இருக்கும் விளக்கு எந்த டிவியிலும் பிரதிபலிக்கும். அதை இடம் மாற்ற ஓர் எலக்ட்ரீஷியனுக்கு ஆகும் செலவு, பிரதிபலிப்பைக் குறைக்கும் திரையுள்ள டிவிக்குக் கூடுதலாகக் கொடுக்கும் விலையைவிட மிகக் குறைவு.

கடைசியாக, அந்தத் திரையில் என்ன ஓடப்போகிறது என்பதை நேர்மையாக எழுதுங்கள். நாள் முழுவதும் செய்தி, மாலையில் தொடர்கள், வார இறுதியில் மட்டும் ஒரு படம் என்றால் உங்களுக்குத் தேவைப்படும் டிவி ஒன்று; தினமும் இரவு ஓடிடி தளத்தில் படம், இடையில் கிரிக்கெட், பிள்ளைகளுக்குப் பிளேஸ்டேஷன் என்றால் தேவைப்படும் டிவி வேறு.

இரண்டாம் படி: தூரத்தை வைத்துத் திரையின் அளவைக் கணக்கிடுங்கள்

டிவியின் அங்குல அளவு என்பது திரையின் மூலைவிட்டம். 65 அங்குல டிவியின் படப்பரப்பு சுமார் 144 சென்டிமீட்டர் அகலமும் 81 சென்டிமீட்டர் உயரமும் கொண்டது; 55 அங்குலத்தில் அகலம் சுமார் 122 சென்டிமீட்டர், 75 அங்குலத்தில் 166 சென்டிமீட்டர்.

திரை நம் பார்வையில் எத்தனை பாகை அகலத்தை நிரப்புகிறது என்பதே சினிமா அனுபவத்தின் அடிப்படை. 30 பாகையாவது நிரம்ப வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட குறைந்தபட்ச அளவு. தியேட்டரின் நடுவரிசையில் உட்கார்ந்ததுபோன்ற உணர்வு வேண்டுமானால் 40 பாகை வரை போகலாம். இதைக் கணக்கிட எளிய வழி இருக்கிறது. பார்க்கும் தூரத்தை அங்குலத்தில் எழுதி 1.6ஆல் வகுத்தால் குறைந்தபட்ச அளவு கிடைக்கும், 1.2ஆல் வகுத்தால் அதிகபட்ச அளவு கிடைக்கும். பார்க்கும் தூரம் 9 அடி, அதாவது 108 அங்குலம் என்று வைத்துக்கொண்டால், குறைந்தது 67 அங்குலம், அதிகபட்சம் 90 அங்குலம் என்று விடை வரும். அதாவது, பலரும் பெரிது என்று தயங்கும் 65 அங்குலம் உண்மையில் அந்த அறைக்குச் சற்றே சிறியது. ஏழரை அடியில் உட்காருபவருக்கு 55 அங்குலம் குறைந்தபட்சமாகப் போதும். பத்தடி தாண்டினால் 75 அங்குலத்துக்குக் கீழே போகாதீர்கள்.

இதே கணக்கு தெளிவுத்திறனைப் பற்றியும் ஒன்றைச் சொல்லித் தருகிறது. ஃபுல் எச்டி திரையில் 1920க்கு 1080 என்று சுமார் 20.7 லட்சம் பிக்சல்கள் உள்ளன; 4கே திரையில் 3840க்கு 2160 என்று சுமார் 83 லட்சம். ஆனால் இயல்பான பார்வையுள்ள கண்ணால் பிரித்தறிய முடிவது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு வரைதான். இதன்படி 43 அங்குலத் திரையில் ஃபுல் எச்டிக்கும் 4கேவுக்கும் உள்ள வேறுபாடு சுமார் ஐந்தரை அடியைத் தாண்டியதும் மறையத் தொடங்கிவிடும். 65 அங்குலத் திரையில் அந்த எல்லை எட்டரை அடி. ஒன்பதடி தள்ளி உட்கார்ந்து 43 அங்குல 4கே டிவி பார்ப்பவர் அந்தக் கூடுதல் பிக்சல்களை ஒருபோதும் காண்பதில்லை. இன்று பெரிய டிவிகள் ஏறக்குறைய அனைத்தும் 4கே என்பதால் அதைத் தேடிப் போக வேண்டியதில்லை. 8கே டிவிக்குக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். அந்த அளவில் எடுக்கப்பட்ட படங்கள் வீட்டுக்கு வந்து சேர்வதும் அரிது, வந்தாலும் இந்தத் தூரத்தில் கண்ணுக்கு அது புலப்படப்போவதும் இல்லை.

அளவில் ஓர் எச்சரிக்கை உண்டு. உங்கள் வீட்டில் இன்னும் சாதாரணக் கேபிள் சேனல்களே அதிகம் ஓடுமென்றால், அவை 720க்கு 576 பிக்சலில் வருபவை. மிகப் பெரிய திரையில் அவை கலங்கலாகத்தான் தெரியும். இதற்குத் தீர்வு திரையைச் சிறிதாக்குவதன்று. எச்டி செட்டாப் பாக்ஸுக்கு மாறுவதும், குறைந்த தெளிவுள்ள படத்தை நன்றாக உயர்த்திக் காட்டும் டிவியைத் தேர்வதுமே தீர்வு. இந்த உயர்த்தும் திறன் டிவியின் பிராசஸரை, அதாவது படத்தைக் கணித்துச் சீராக்கும் சில்லை, பொறுத்தது; ஒரே பேனலைப் பயன்படுத்தும் இரண்டு நிறுவனங்களின் டிவிகளில்கூட இதில் பெரும் வேறுபாடு இருக்கும்.

மூன்றாம் படி: பேனலைத் தேர்ந்தெடுங்கள்

இந்த வழிகாட்டியில் நிதானமாகப் படிக்க வேண்டிய பகுதி இதுதான். தமிழ்ப் படங்களில் பெரும்பாலானவை அகலத்திரை வடிவில், அதாவது உயரத்தைப்போல் ஏறத்தாழ 2.39 மடங்கு அகலத்தில் எடுக்கப்படுகின்றன. டிவியோ 16:9 வடிவம் கொண்டது. அதனால் 65 அங்குல டிவியில் அப்படிப்பட்ட படம் ஓடும்போது மேலும் கீழும் தலா பத்து சென்டிமீட்டர் அளவுக்குக் கறுப்புப் பட்டைகள் விழும். திரையின் கால் பங்கு முழுப் படநேரத்துக்கும் கறுப்பாகவே இருக்க வேண்டும் என்று பொருள். அந்தப் பட்டைகள் உண்மையில் கறுப்பாக இருந்தால் இருட்டறையில் அவை கண்ணிலேயே படாது, படம் மட்டும் இருட்டில் மிதக்கும். அவை சாம்பலாக ஒளிர்ந்தால், படம் முழுவதும் ஒரு சட்டத்துக்குள் அடைபட்டதுபோல் தோன்றும். ஒரு டிவி ஹோம் தியேட்டருக்கு ஏற்றதா என்று அறிய இந்தப் பட்டைகளைவிட எளிய சோதனை எனக்குத் தெரியாது.

டிவிகளை இரண்டு பெரும் குடும்பங்களாகப் பிரிக்கலாம். முதலாவது எல்சிடி. இதில் பின்னாலிருந்து எல்இடி விளக்குகள் ஒளி கொடுக்க, முன்னாலுள்ள திரவப்படிக அடுக்கு அந்த ஒளியைத் தேவைப்படும் இடத்தில் விட்டு, தேவைப்படாத இடத்தில் மறிக்கிறது. முழுவதும் மறிக்க முடியாததால் சற்று ஒளி எப்போதும் கசியும். கறுப்பு சாம்பலாவது இதனால்தான். எல்இடி டிவி, கியூஎல்இடி டிவி, மினி எல்இடி டிவி என்று விற்கப்படுபவை எல்லாம் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே. கியூஎல்இடி என்பது பின்னொளியின் நிறத்தைத் தூய்மையாக்கும் குவாண்டம் டாட் படலம் சேர்க்கப்பட்ட எல்சிடி. அந்தப் படலம் நிறத்தை வளமாக்கும், கருமையைக் கூட்டாது. இரண்டாவது குடும்பம் ஓஎல்இடி. இதில் ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும், தானே முழுவதும் அணையும். அதனால் கறுப்பு என்றால் ஒளியே இல்லாத கறுப்பு. பெயர்கள் ஒரே ஒலியில் இருப்பதால் கியூஎல்இடியையும் ஓஎல்இடியையும் ஒன்றென்று எண்ணிவிட வேண்டாம்.

எல்சிடியிலேயே விஏ, ஐபிஎஸ் என்று இரண்டு வகைப் பேனல்கள் பரவலாக உள்ளன. விஏ பேனலில் கான்ட்ராஸ்ட், அதாவது மிக வெளிச்சமான வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள விகிதம், 3000க்கு 1 என்ற அளவிலும் அதற்கு மேலும் இருக்கும். ஐபிஎஸ் பேனலில் அது பொதுவாக 1000க்கு 1 அளவிலேயே நிற்கும். இருட்டறையில் இந்த வேறுபாடு முதல் பார்வையிலேயே தெரியும். ஆனால் விஏ பேனலைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் நிறம் வெளிறும், கான்ட்ராஸ்ட் குறையும். ஐபிஎஸ்ஸில் அந்தக் குறை குறைவு. அறையின் நான்கு மூலைகளிலிருந்தும் பார்க்கும் கூட்டுக் குடும்பத்துக்கு ஐபிஎஸ் ஏற்றது என்று சிலர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஹோம் தியேட்டர் என்று நினைத்து வாங்கும்போது நான் விஏவையே பரிந்துரைப்பேன். உட்காரும் இடங்களைச் சற்று நெருக்கி அமைத்துக்கொள்ளலாம். பேனலின் கருமையைப் பிறகு எதுவும் செய்து கூட்ட முடியாது. இந்த வகைப் பெயர் பெட்டியில் அச்சிடப்படுவது அரிது. ஒரே மாடலில்கூட ஓர் அளவுக்கு விஏவும் இன்னோர் அளவுக்கு ஐபிஎஸ்ஸும் பொருத்தப்படுவது உண்டு. அதனால் நீங்கள் வாங்கவிருக்கும் அதே அளவுக்கான விரிவான மதிப்புரையைப் படித்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

பின்னொளி எங்கே இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. விளிம்பில் மட்டும் விளக்குகள் உள்ள டிவியில் இருண்ட காட்சியின் ஓரங்களிலும் மூலைகளிலும் ஒளிக்கசிவு தெரியும். திரையின் பின்பரப்பு முழுவதும் விளக்குகள் பரவி, அவை பல மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு மண்டலமும் தனித்தனியே மங்கவும் ஒளிரவும் முடிந்தால் அதை ஃபுல் அரே லோக்கல் டிம்மிங் என்கிறார்கள். மினி எல்இடி என்பது இதன் நுண்ணிய வடிவம். விளக்குகள் மிகச் சிறியவை என்பதால் நூற்றுக்கணக்கிலும், உயர்விலை மாடல்களில் ஆயிரக்கணக்கிலும் மண்டலங்களை அமைக்க முடிகிறது. மினி எல்இடி என்ற பெயரை மட்டும் நம்பாதீர்கள். மண்டலங்களின் எண்ணிக்கையை நிறுவனம் சொல்கிறதா என்று பாருங்கள். சொல்லத் தயங்கினால் எண்ணிக்கை குறைவு என்றே எடுத்துக்கொள்ளலாம். மண்டலங்கள் குறைவாக இருந்தால், இருண்ட காட்சியில் வெள்ளை நிற வசனவரிகளைச் சுற்றி மங்கலான ஒளிவட்டம் படரும். ஓடிடி தளங்களில் பிறமொழிப் படங்களை வசனவரிகளோடு பார்ப்பவர்களுக்கு இது தீராத தொல்லை.

அப்படியானால் எல்லோரும் ஓஎல்இடியே வாங்கிவிடலாமா? இருட்டாக்கக்கூடிய அறை, பெரும்பாலும் சினிமா, பக்கவாட்டிலிருந்து பார்ப்பவர்களும் உண்டு என்றால், ஆம், பணம் இடம் கொடுத்தால் ஓஎல்இடியே என் முதல் பரிந்துரை. ஆனால் அதற்கு ஒரு வரம்பு உண்டு. ஓஎல்இடி பிக்சல்கள் ஒளிரும் நேரத்துக்கு ஏற்பத் தேய்பவை. ஒரே உருவம் ஒரே இடத்தில் பல ஆயிரம் மணி நேரம் நின்றால் அதன் சுவடு நிரந்தரமாகத் தங்கிவிடக்கூடும். தமிழ்ச் செய்திச் சேனல்களைப் பாருங்கள்: மூலையில் சின்னம், கீழே சிவப்புப் பட்டை, அதன் கீழ் ஓடும் செய்தி வரி, எல்லாம் நாள் முழுவதும் அதே இடத்தில் நிற்கும். காலை ஆறு மணிக்குச் செய்தியைப் போட்டு இரவு வரை அணைக்காத வீடுகளுக்கு ஓஎல்இடி பொருந்தாது. அப்படிப்பட்ட வீட்டில் நல்ல மினி எல்இடி டிவியே அறிவுள்ள தேர்வு. ஜன்னல்களை மூட முடியாத, பகல் முழுவதும் வெளிச்சம் நிறைந்த ஹாலுக்கும் மினி எல்இடியே ஏற்றது. ஓஎல்இடியைவிட அது பெரும்பாலும் அதிக வெளிச்சத்தைத் தரும். ஓஎல்இடியிலேயே கியூடி ஓஎல்இடி என்ற வகை நிறத்தில் சிறந்தது என்றாலும், அறையில் விளக்கு எரியும்போது அதன் கறுப்பு சற்றே செந்நீலச் சாம்பலாகத் தோன்றும். இருட்டில் அந்தக் குறை இல்லை.

நான்காம் படி: எச்டிஆர் என்ற சொல்லை அளந்து பாருங்கள்

எச்டிஆர் என்பது வெளிச்சத்தின் வரம்பை விரிப்பது. தீப்பந்தத்தின் சுடர் கண்ணைக் கூச வேண்டும், அதே காட்சியில் பின்னாலுள்ள இருட்டிலும் விவரம் தெரிய வேண்டும். இதற்குக் கருமையும் உச்ச வெளிச்சமும் சேர்ந்து தேவை. உச்ச வெளிச்சத்தை நிட் என்ற அலகில் அளக்கிறார்கள். 300 நிட் அளவே தரும் டிவியின் பெட்டியிலும் எச்டிஆர் என்று அச்சிட்டிருப்பார்கள்; அந்த டிவி எச்டிஆர் படத்தை ஏற்றுக்கொள்ளும், ஆனால் அதைக் காட்டும் வலிமை அதற்கு இருக்காது. எல்சிடி வகையில் 600 நிட்டைத் தாண்டினால்தான் விளைவு தெரியத் தொடங்கும் என்பதும், 1000 நிட் இருந்தால் நிறைவாக இருக்கும் என்பதும் என் கணிப்பு. ஓஎல்இடியில் கறுப்பு முழுமையாக இருப்பதால் சற்றுக் குறைந்த வெளிச்சத்திலேயே அதே தாக்கம் கிடைக்கும்.

எச்டிஆர்10 என்பது எல்லா எச்டிஆர் டிவிகளிலும் இருக்கும் அடிப்படை வடிவம். படம் முழுவதற்கும் ஒரே வெளிச்சக் குறிப்பு அதில் இருக்கும். டால்பி விஷனும் எச்டிஆர்10 பிளஸ்ஸும் காட்சிக்குக் காட்சி குறிப்பை மாற்றித் தருபவை. சாம்சங் தன் டிவிகளில் டால்பி விஷனைச் சேர்ப்பதில்லை, எச்டிஆர்10 பிளஸ்ஸை ஆதரிக்கிறது. எல்ஜி, சோனி உள்ளிட்ட நிறுவனங்களின் பல மாடல்களில் டால்பி விஷன் உண்டு. இரண்டு டிவிகள் மற்ற எல்லாவற்றிலும் சமமாக இருந்தால் டால்பி விஷன் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். பேனல் சுமாராக இருக்கும் டிவியை இந்த ஒரு முத்திரைக்காக வாங்குவது வீண்.

பேனல் 10 பிட் கொண்டதா என்பதையும் கேளுங்கள். 8 பிட் பேனல் ஒவ்வொரு அடிப்படை நிறத்துக்கும் 256 படிகளையும், 10 பிட் பேனல் 1024 படிகளையும் காட்டும். மாலை வானம், மூடுபனி போன்ற காட்சிகளில் நிறம் பட்டை பட்டையாகப் பிரிந்து தெரிவது படிகள் போதாததால் வரும் குறை.

ஐந்தாம் படி: அசைவு

திரைப்படம் நொடிக்கு 24 சட்டங்களில் (ஃபிரேம்களில்) எடுக்கப்படுகிறது. நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும் திரையில் 24 சரியாக வகுபடாது. ஒரு சட்டம் மூன்று முறை, அடுத்தது இரண்டு முறை என்று மாறி மாறிக் காட்ட வேண்டியிருக்கும். கேமரா மெல்ல நகரும் காட்சிகளில் தெரியும் உதறல் இதனால் வருவது. 120 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 120 முறை புதுப்பிக்கும் திரையில் ஒவ்வொரு சட்டமும் சரியாக ஐந்து முறை வரும். அதனால் ஹோம் தியேட்டருக்கு 120 ஹெர்ட்ஸ் பேனலை விட்டுக்கொடுக்க வேண்டாம். பெட்டியில் மோஷன் ரேட் என்றோ வேறு கவர்ச்சியான பெயரிலோ பெரிய எண் போட்டிருந்தால் அது பேனலின் உண்மையான வேகம் அன்று. பேனலின் இயல்பான ஹெர்ட்ஸ் எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள்.

டிவிகள் இடைச்சட்டங்களைத் தாமே உருவாக்கி அசைவை வழவழப்பாக்கும் வசதியோடு வருகின்றன. கிரிக்கெட்டுக்கு அது உதவும். சினிமாவுக்கு அதை அணைத்துவிட வேண்டும். இல்லையென்றால் பெரும் பொருட்செலவில் எடுத்த படமும் வீடியோ கேமராவில் எடுத்த மெகா தொடர்போல் தோன்றும். 2019இல் யுஎச்டி அலையன்ஸ் அறிமுகப்படுத்திய ஃபிலிம்மேக்கர் மோட் என்ற அமைப்பு, இதுபோன்ற செயற்கைத் திருத்தங்களை ஒரே பொத்தானில் அணைத்துவிடுகிறது. நீங்கள் பார்க்கும் மாடலில் அது இருந்தால் நல்லது; இல்லாவிட்டால் சினிமா மோட் என்பதைத் தேர்ந்து, அசைவுத் திருத்தத்தைக் கையால் அணைத்துக்கொள்ளலாம்.

ஆறாம் படி: ஒலியும் இணைப்புகளும்

மெல்லிய டிவிக்குள் இருக்கும் ஸ்பீக்கர்களால் தியேட்டர் ஒலியைத் தர முடியாது. மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்கையாவது ஒலிக்கு ஒதுக்குங்கள். ஒன்றரை லட்சம் ரூபாய் கையில் இருக்கிறது என்றால் அதை முழுவதும் டிவியில் போடுவதைவிட, ஒரு லட்சத்துக்கு டிவியும் ஐம்பதாயிரத்துக்கு சப்வூஃபருடன் (ஆழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கர்) கூடிய சவுண்ட்பாரோ, ரிசீவரும் (ஒலியைப் பிரித்துப் பெருக்கும் கருவி) ஸ்பீக்கர்களும் சேர்ந்த அமைப்போ வாங்குவது பல மடங்கு நிறைவு தரும்.

டிவியிலிருந்து ஒலியை வெளியே கொண்டுவரும் வழி எச்டிஎம்ஐ துளைகளில் ஒன்றில் இருக்கும். அதன் அருகே ஏஆர்சி அல்லது இஏஆர்சி என்று எழுதியிருக்கும். ஏஆர்சி வழியாக ஓடிடி தளங்கள் தரும் சுருக்கப்பட்ட டால்பி அட்மாஸ் ஒலி, அதாவது சுற்றிலும் மேலிருந்தும் வருவதுபோல் கேட்கும் ஒலி, போகும். புளூ-ரேயில் உள்ள, தரம் குறைக்கப்படாத டால்பி ட்ரூஎச்டி ஒலி போக வேண்டுமானால் இஏஆர்சி வேண்டும். பழைய ஆப்டிகல் கேபிள் வழியாக அட்மாஸ் போகாது. டிடிஎஸ் வடிவ ஒலியைச் சில நிறுவனங்களின் டிவிகள் கடத்துவதே இல்லை. உங்களிடம் புளூ-ரேக்களோ ஹார்டு டிஸ்கில் சேமித்த படங்களோ நிறைய இருந்தால் இதை வாங்குவதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள்.

எச்டிஎம்ஐ துளைகள் குறைந்தது நான்கு இருக்கட்டும்: செட்டாப் பாக்ஸுக்கு ஒன்று, ஸ்ட்ரீமிங் கருவிக்கு ஒன்று, விளையாட்டுக் கருவிக்கு ஒன்று, சவுண்ட்பாருக்கு ஒன்று. பிளேஸ்டேஷன் 5 போன்ற கருவிகளை 4கே 120 ஹெர்ட்ஸில் இயக்க எச்டிஎம்ஐ 2.1 வேண்டும், அது நொடிக்கு 48 கிகாபிட் வரை தாங்கும், 2.0 தாங்குவது 18 கிகாபிட். சில மாடல்களில் 2.1 வசதி இரண்டு துளைகளில் மட்டுமே இருக்கும், அதில் ஒன்றே இஏஆர்சி துளையாகவும் இருக்கும். அப்போது சவுண்ட்பாரைச் செருகியதும் மிஞ்சுவது ஒன்றுதான்.

டிவிக்குள் இருக்கும் மென்பொருளைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். அது மூன்று நான்கு ஆண்டுகளில் மந்தமாகிவிடும். அப்போது ஒரு ஸ்ட்ரீமிங் கருவியை வாங்கிச் செருகிக்கொள்ளலாம். நெட்ஃபிளிக்ஸில் 4கே படம் வர 15 எம்பிபிஎஸ் வேகமுள்ள இணையமும் அதற்குரிய சந்தாவும் தேவை என்பதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள். முடிந்தால் டிவிக்கு ஈதர்நெட் கேபிளை இழுத்துவிடுங்கள். கான்கிரீட் சுவர்கள் வைஃபையைப் பலவீனமாக்கும்.

ஏழாம் படி: இப்போது கடைக்குப் போங்கள்

ஒரு பென் டிரைவில் உங்களுக்குப் பழக்கமான காட்சிகளை எடுத்துச் செல்லுங்கள்: இரவில் நடக்கும் அகலத்திரைக் காட்சி ஒன்று, முகங்கள் நெருக்கமாகத் தெரியும் காட்சி ஒன்று, கேமரா மெல்ல நகரும் காட்சி ஒன்று, பச்சை மைதானம் திரையை நிறைக்கும் கிரிக்கெட் ஒளிப்பதிவு ஒன்று. டிவியைக் கடைக்கான டெமோ அமைப்பிலிருந்து வெளியே கொண்டுவரச் சொல்லி, சினிமா மோடுக்கு மாற்றச் சொல்லுங்கள். முதலில் படம் மஞ்சளாக, மங்கலாகத் தோன்றும். பதற வேண்டாம், ஐந்து நிமிடம் பாருங்கள். கண் பழகியதும் மனிதத் தோல் தோலாகத் தெரிவதைக் காண்பீர்கள். விற்பனையாளரிடம் அருகிலுள்ள விளக்குகளை அணைக்கச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. நல்ல கடைகளில் அதற்கென இருட்டறையே வைத்திருக்கிறார்கள்.

கறுப்புப் பட்டைகளைப் பாருங்கள். பக்கவாட்டில் இரண்டடி நகர்ந்து நின்று மறுபடியும் பாருங்கள். பிறகு கிரிக்கெட்டைப் போட்டு, கேமரா நகரும்போது பச்சைப் பரப்பில் அழுக்குத் திட்டுகள்போல் ஏதும் அசையாமல் நிற்கின்றனவா என்று கவனியுங்கள். அது பேனலின் சீரின்மை.

விலையைப் பொறுத்தவரை, 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அதற்கு முந்தைய விலைப்பட்டியலைக் காட்டித் தள்ளுபடி என்று சொன்னால் கணக்குப் போட்டுப் பாருங்கள். சென்ற ஆண்டின் உயர்தர மாடல் பெரும்பாலும் இந்த ஆண்டின் நடுத்தர மாடலின் விலைக்கே கிடைக்கும், பெரும்பாலும் அதைவிட நன்றாகவும் இருக்கும். நிறுவனத்தின் சர்வீஸ் சென்டர் உங்கள் ஊரிலோ பக்கத்து நகரத்திலோ இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். பேனல் பழுதானால் அதை மாற்றும் செலவு டிவியின் விலையை நெருங்கும். எனவே உத்தரவாதம் பேனலையும் சேர்த்ததா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

எட்டாம் படி: பொருத்துதலும் முதல் வாரமும்

டிவி வந்ததும் பெட்டியைத் திறப்பதை முழுவதும் கைபேசியில் பதிவு செய்யுங்கள். பெரிய திரையை எப்போதும் நிமிர்த்தியே தூக்க வேண்டும். படுக்க வைத்தால் தன் எடையிலேயே பேனல் விரிசல் விடக்கூடும்.

பொருத்த வருபவர்கள் வழக்கம்போல் உயரமாக மாட்டப் பார்ப்பார்கள். விடாதீர்கள். திரையின் நடுப்பகுதி, முதல் படியில் நீங்கள் அளந்த கண் உயரத்துக்கு அருகில் இருக்க வேண்டும். 65 அங்குல டிவியின் நடு 105 சென்டிமீட்டரில் இருந்தால், அதன் கீழ்விளிம்பு தரையிலிருந்து ஏறத்தாழ 65 சென்டிமீட்டரில் நிற்கும். பார்வைக்கு மிகத் தாழ்வாகத் தோன்றும், ஆனால் இரண்டரை மணி நேரப் படத்துக்குப் பிறகும் கழுத்து வலிக்காது. கீழே சவுண்ட்பாருக்கு இடம் விட்டு, அது திரையின் அடிப்பகுதியை மறைக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள். சுவரில் கேபிள் புதைப்பதென்றால் இரண்டு அங்குலக் குழாயாகவே வைத்துவிடுங்கள். எச்டிஎம்ஐ முனை அதற்குள் நுழையும், பின்னாளில் கேபிளை மாற்றச் சுவரை உடைக்க வேண்டியிருக்காது.

மின்சாரத்தைப் பொறுத்தவரை, இன்றைய டிவிகள் பலவும் 100 முதல் 240 வோல்ட் வரை தாமே சமாளிக்கும் என்பதால் பின்பக்க ஒட்டுச்சீட்டைப் பார்த்துவிட்டே ஸ்டெபிலைசரைப் பற்றி முடிவு செய்யுங்கள். தேவைப்படுவது முறையான எர்த்திங்கும், திடீர் மின்னழுத்த உயர்விலிருந்து காக்கும் நல்ல சர்ஜ் புரொடெக்டரும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் இடி இடிக்கும்போது பிளக்கைப் பிடுங்குவதோடு, கேபிள் அல்லது டிஷ்ஷிலிருந்து வரும் வயரையும் ஈதர்நெட் வயரையும் கழற்றிவிடுங்கள். மின்னல் பாய்ச்சல் அந்த வழியாகவும் வரும்.

பிறகு அமைப்புகளைச் சரிசெய்யுங்கள். சினிமா மோட் அல்லது ஃபிலிம்மேக்கர் மோட், நிறவெப்பம் வார்ம், ஷார்ப்னஸ் மிகக் குறைவு, அசைவுத் திருத்தம் அணைப்பு, மின்சிக்கன முறை அணைப்பு. இவை ஒவ்வொரு எச்டிஎம்ஐ துளைக்கும், எச்டிஆர் படங்களுக்கும் தனித்தனியே சேமிக்கப்படும் என்பதால் ஒவ்வொன்றிலும் ஒருமுறை செய்ய வேண்டும். செட்டாப் பாக்ஸை 1080 அல்லது 4கே வெளியீட்டுக்கு மாற்றுங்கள். பல வீடுகளில் அது குறைந்த தெளிவிலேயே ஆண்டுக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கிறது. டிவிக்குப் பின்னால் சுவரில் படும்படி 6500 கெல்வின் நிறமுள்ள, அதாவது பகல் வெளிச்சம் போன்ற வெள்ளை நிறமுள்ள, மங்கலான எல்இடி பட்டை ஒன்றை ஒட்டினால் இருட்டில் கண் சோர்வு குறையும், கறுப்பும் இன்னும் ஆழமாகத் தோன்றும்.

முதல் வாரத்தில் ஒரு நாள் இரவு முழு இருட்டில் வெறும் கறுப்புத் திரையையும், பிறகு வெளிர்சாம்பல், சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை என்று முழுத்திரை நிறங்களையும் ஓடவிட்டு, இறந்த பிக்சல், மூலைகளில் ஒளிக்கசிவு, நிறத்திட்டு ஆகியவை இருக்கின்றனவா என்று பாருங்கள். குறை தெரிந்தால் படமெடுத்து, மாற்றிக் கொடுக்கும் கால எல்லை முடிவதற்குள் எழுத்து மூலம் புகார் பதியுங்கள். அந்த எல்லை கடை, நிறுவனம், இணையத் தளம் ஒவ்வொன்றுக்கும் வேறுபடும். அது முடிந்தபிறகு பேனலை மாற்றித் தருவதற்குப் பதிலாகப் பழுது பார்க்கும் நடைமுறைதான் தொடங்கும். பெட்டியையும் தெர்மாகோலையும் அதுவரை தூக்கிப்போட வேண்டாம்.